சிவப்புதான் முதலில் போகும்

ஸ்டூல்மேல் ஏறி நின்று, செத்துப்போனவனின் சட்டையை உற்றுப் பார்த்தார் மைக்காரர்.

சிவப்பு அப்படியே இருந்தது. நேற்றுத்தான் தைத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவன்போல நின்றான் படத்தில்.

மைக்காரருக்கு வயிறு எரிந்தது.

பிரிண்டருக்கு மை நிரப்பிக் கொடுக்கும் கடை அவருடையது. காலி கார்ட்ரிட்ஜைக் கழுவித் துடைத்து, சிரிஞ்சால் மை ஏற்றி, புதிதின் விலையில் கால்வாசிக்குத் தருவார். தெருவில் அவருக்கு அந்தப் பேர் வந்ததே அப்படித்தான்.

பில், விண்ணப்பம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாவற்றுக்கும் ரீஃபில் மை தாராளம். போட்டோவுக்கு மட்டும் ஆகாது. வெயில் பட்டால் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும். அதிலும் சிவப்புதான் முதலில் போகும். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

ஒரே ஒருத்தியிடம் சொல்லவில்லை.

கல்யாணமான முதல் மாதம், மனைவி ஒரு சின்னப் படத்தை நீட்டி, பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். அவளுடைய முதல் புருஷன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, ஒரு வாரக் காய்ச்சலில் போனவன். சிவப்புச் சட்டை, பையில் ஸ்க்ரூடிரைவர், வாயெல்லாம் பல்.

இரண்டாம் தாரம் என்று பெண்ணைச் சொல்வார்கள். ஆணை என்னவென்று சொல்வது என மைக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

கடையில் இரண்டு மெஷின். வலது மெஷினில் எப்போதும் கம்பெனி மை. அறுபது வருடம் நிறம் மாறாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். தங்கள் கல்யாணப் படத்தை அதில் போட்டார். செத்தவனை இடது மெஷினுக்கு அனுப்பினார். அதில் ரீஃபில் மை. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், வெயில் நேராக விழும் இடமாகப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

அவர் கிழிக்கவில்லை, ஒளித்து வைக்கவில்லை. வெயிலிடம் ஒப்படைத்தார், அவ்வளவுதான்.

நாலு வருடம் ஆகிவிட்டது. அதே மையில் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய ரோஜாப் படம் எட்டே மாதத்தில் முட்டைக்கோஸ் மாதிரி ஆகிப்போனது. இவன் மட்டும் செக்கச்செவேலென்று சிரித்துக்கொண்டிருந்தான்.

செத்தவன்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன? சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தப் பல்வரிசை எதிரே வந்து நிற்கிறதே.

தினமும் மதியம் ஒரு மணிக்கு மனைவி போய்க் கடையைப் பார்த்துக்கொள்வாள், இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். இன்று தட்டை நகர்த்திவிட்டு ஸ்டூலைப் போட்டுவிட்டார்.

படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்தார். பின்னட்டை விரல் பட்டதுமே கையோடு வந்துவிட்டது. அடிக்கடி திறந்து மூடியதுபோல அவ்வளவு இளக்கம்.

படத்துக்குப் பின்னால் இன்னொரு படம். அதே ஆள், அதே சட்டை.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

மேலே இருந்ததை விட்டு, பின்னால் மொத்தம் ஏழு. வரிசையாகப் பரப்பி வைத்தபோதுதான் அவருக்கே பிடிபட்டது. ஏழிலும் சிவப்பு கொஞ்சமே கொஞ்சம் இறங்கியிருந்தது. வெளுக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. இறங்கத் தொடங்கியதுமே மாற்றியிருக்கிறார்கள். நிறத்தை வைத்தே பிழைக்கிறவர் அவர். தினமும் எதிரே உட்கார்ந்து தின்றும் அவர் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

எல்லாப் படத்தின் ஓரத்திலும் ஒரு மயிரிழைக் கோடு இருந்தது. இடது மெஷினின் தேய்ந்த உருளை போடுகிற கோடு. அவர் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய கடையில், அவருடைய மையில்.

அப்படியென்றால் அவர் செய்த வேலையும் அவளுக்குத் தெரியும். நாலு வருடமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலது மெஷினில் ஒரே ஒரு முறை போட்டிருந்தால் ஜென்மத்துக்கும் கவலை இல்லை. ஏன் போடவில்லை? அவருடைய விலை உயர்ந்த மையைத் தொடக் கூசியிருப்பாள் என்று முதலில் நினைத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இவனைக் கையில் எடுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு நினைத்தார். பிறகு நினைத்ததை நினைக்காமலே இருந்திருக்கலாம்.

விறுவிறுவென்று கல்யாணப் படத்தையும் கழற்றினார். ஆணிகள் துருப்பிடித்து அட்டையோடு ஒட்டிக்கிடந்தன. கத்தியை விட்டு நெம்ப வேண்டியிருந்தது.

உள்ளே ஒரே ஒரு படம். பின்னால் வெறும் அட்டை. மாட்டிய நாளில் இருந்த நிறம் துளியும் குறையவில்லை. குறையாததால் அதைத் தொட யாருக்கும் அவசியம் வரவில்லை.

இரண்டையும் பழையபடி மாட்டிவிட்டு, சாப்பிடாமலே கடைக்கு நடந்தார்.

மனைவி எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் கம்ப்யூட்டரில் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து, இடது மெஷினுக்கு அனுப்பினார்.

"ஏங்க, அதான் வீட்ல நல்லா இருக்கே! அதுவும் இந்த மெஷின்லயா போடுறீங்க? ஆறே மாசத்துல மங்க ஆரம்பிச்சிடுமே."

"மங்கட்டும்."

படம் மெதுவாக வெளியே வந்தது. ஈரம் காயாததால் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் மைக்காரர். மாற்றுவாளா, மாட்டாளா என்று தெரிய எப்படியும் ஆறு மாதம் ஆகும்.