டிராகன் முட்டை

நாமக்கல் தியேட்டரின் மேட்னி இருட்டில் கனிஷ்கா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஏழு முறை படித்த நாவல் அவள் மடியில் கிடக்கிறது. அதைப் படமாக்கிய திரையிலோ நாவலின் டிராகன், இறக்கை ஒட்டிய உடும்பாக நெளிகிறது. அருகில் கணவன் தமிழரசு, கோழிப்பண்ணைக்காரன், அந்த நாவலில் ஒரு வரிகூடப் படிக்காதவன், பாப்கார்ன் கொறிக்கிறான். இளவரசன் வாளை ஓங்கி டிராகன் முட்டையை உடைக்கிறான். விசில் பறக்கிறது. தமிழரசு துள்ளி எழ, முன்வரிசை வழுக்கைத் தலையில் பாப்கார்ன் கொட்டுகிறது. “டேய், நீ ஒடைக்காதடா! குஞ்சே கொத்தீட்டு வரோணும், இல்லீனா செத்துப்போயிரும்!” கனிஷ்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறாள். “கதையில அவன் தொடவே மாட்டானுங்க. நாப்பது பக்கம் காத்துட்டு இருப்பான்.” “குஞ்சு பொழச்சுதா, அம்மணி?” அவள் நாவலைப் பிரித்து அவன் மடியில் வைத்து, செல்போன் வெளிச்சத்தை அடிக்கிறாள். திரையில் மகாயுத்தம் தொடங்குகிறது, இருவரும் நிமிர்வதாயில்லை.