இரண்டு கதவு வண்டி

முதல் வேகத்தடையிலேயே அண்ணனை இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

அவனுடைய கார் சர்வீசுக்குப் போயிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் தன்னை ஆபீசில் விட்டுவிடச் சொல்லி, காலையில் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஏறும்போதே தலையை இடித்துக்கொண்டான். உட்கார்ந்ததும் முழங்கால் முட்டியது. பையை வைக்கப் பின்னால் திரும்பியவன், "இது சீட்டா, சோப்பு டப்பாவா?" என்றான்.

அவள் வண்டியை எடுத்தாள்.

ஸ்போர்ட்ஸ் கூபே. இரண்டே கதவு. பார்த்தால் பணக்காரன் வீட்டு வண்டி மாதிரி இருக்கும். உண்மையில் அந்த வகையிலேயே மலிவானது, அதிலும் அவள் வாங்கியது செகண்ட் ஹேண்டில். மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்குத் தினமும் இதில்தான் போய்வந்தாள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சாலையில் இருக்கிற பள்ளம் அத்தனையும் இடுப்புக்குத் தெரியும். பக்கத்தில் பஸ் வந்து நின்றால் அதன் சக்கரத்தோடுதான் முகத்துக்கு முகம் பேச வேண்டும். லேபில் எல்லோரும் 'ரேஸ் அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

அதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினாள்.

அண்ணன் விடவில்லை. இந்த விலைக்கு நல்ல குடும்பக் கார் கிடைத்திருக்கும் என்றான். அம்மாவை எங்காவது கூட்டிப்போக முடியுமா, நாலு பேர் சேர்ந்து ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியுமா என்றான். தனியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த மைனர் வண்டி, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

சிவப்பு விளக்கு விழுந்தது. அதற்காகவே காத்திருந்தவன்போல அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"ஒருத்தர் இந்த வண்டியை எடுத்துக்கறேங்கறார். நான் சரின்னு சொல்லிட்டேன்."

"யாரு?"

அவன் முன்னால் நின்ற லாரியைப் பார்த்தான். "மாப்பிள்ளைதான்."

அவள் விட்டுவிட்டு வந்த கணவன்.

அண்ணன் நல்ல சேதி கொண்டுவந்தவன்போல அடுக்கிக்கொண்டே போனான். அவர் இதை எடுத்துக்கொள்வாராம். தன்னுடைய பெரிய காரை இவள் பெயருக்கே மாற்றித் தருவாராம். காரோடு இவளும் வீட்டுக்குத் திரும்பி வரலாமாம். பழையதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லையாம். சாயங்காலம் லேப் வாசலுக்கே வந்து சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அந்த வீட்டை விட்டு வந்த அன்றே அவள் அண்ணனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பாதி கேட்பதற்குள், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று பேச்சை முடித்துவிட்டான்.

இப்போது அவன்தான் பேசிக்கொண்டிருந்தான்.

"உள்ளங்கையில வச்சுத் தாங்கினாரும்மா உன்னை. தினம் வேலைக்குக் கொண்டுவந்து விட்டு, அவரே இறங்கி வந்து, பின்கதவைத் திறந்துவிடுவார். இந்தக் காலத்துல எவன் பொண்டாட்டிக்குக் கதவு திறந்துவிடறான்?"

அவளுக்குக் காதுமடல் சுட்டது.

பச்சை விழுந்தது. சந்திப்பைத் தாண்டியதும் ஓரங்கட்டினாள்.

"இறங்குண்ணா."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அவள் குறுக்கே சாய்ந்து, அவன் பக்கத்துக் கதவைத் தானே திறந்துவிட்டாள். சிரிப்பு நின்றது. திமிர், கொழுப்பு, உருப்படமாட்டாய் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே, தரையிலிருந்து எழுகிறவன்போலக் கையை ஊன்றி வெளியே வந்தான். கதவை ஓங்கி அறைந்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். பூட்டு விழுந்தது.

அதன் பிறகுதான் அவனுக்குப் பை நினைவு வந்தது. குனிந்து கண்ணாடியைத் தட்டினான். விரலால் பின்சீட்டைக் காட்டினான். பிறகு உள்ளங்கையால் அறைந்தான். வாய் பெரிதாகத் திறந்து மூடியது. சத்தம் உள்ளே வரவில்லை.

அவள் நிதானமாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பல் தெரியச் சிரித்தாள். கையை உயர்த்தி, அன்பாக ஆட்டிவிட்டு, வண்டியை எடுத்தாள்.

போன வருடம் ஒரு காலை. அந்தப் பெரிய கார் மருத்துவமனையில் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய போன் கணவனின் சட்டைப்பையில் இருந்தது. பின்கதவில் எப்போதும் குழந்தைப் பூட்டு போட்டிருக்கும். உள்ளே இருந்து திறக்காது. அந்தக் காரில் குழந்தை என்று ஒன்று ஏறியதே இல்லை.

சிக்னலில் கார் நின்றபோது நடைபாதையில் அண்ணன் நின்றிருந்தான். அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

அவன் பார்த்தான். முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி அவளுக்கு ஆட்டினான்.

பிறகு குனிந்து, முன்சீட்டில் இருந்தவருக்கும் ஆட்டினான்.