வாசலில் வைத்த புள்ளி

மழைக்காலம் வந்துவிட்டால் நூலி என்ற எறும்புக்கு நிற்க நேரம் இருக்காது. புற்றில் எந்த அறை கசிகிறது என்று தடவிப் பார்த்து, அதன் வாசலில் வாசனையால் ஒரு புள்ளி வைப்பது அவள் வேலை. கொத்தனார் எறும்புகள் அந்தப் புள்ளியை மோந்து வந்து சுவரைப் பூசிவிடும்.

அன்று முட்டை அறை ஒன்றின் சுவரே ஊறிப்போயிருந்தது. நூலி பதறிப்போய்ப் புள்ளி வைத்துவிட்டு, கொத்தனார் எறும்புகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். முட்டை அறைகள் ஒன்றா இரண்டா? இருட்டில் எல்லா வாசல்களும் ஒன்று போலவே இருந்தன; ஒவ்வொன்றாய் மறுபடி தடவிப் பார்க்க நேரமும் இல்லை. புள்ளியை மட்டும் காணோம்.

"நான்தான் துடைத்தேன்," என்றான் காவல்கார எறும்பு கட்டையன். "எந்தச் சுவர் பலவீனம் என்று பூரானுக்கு நீயே காட்டிக் கொடுப்பாயா?"

"அப்போ பூசுகிறவர்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?"

"ஏதோ ஓர் அறையில் ஏதோ கசிகிறது என்று சொல். அது போதும்."

கொத்தனார் எறும்புகள் கைக்கு அகப்பட்ட அறைகளை மெழுகிவிட்டுப் போய்விட்டன. அடுத்த மழைக்கு ஊறிய சுவர் பொத்தென்று விழுந்தது. வெளியே இரை தேடிக்கொண்டிருந்த பூரான் அந்த ஓட்டை வழியாக நுழைந்து, முட்டைகளை எல்லாம் தின்றுவிட்டுப் போனது.

காலி அறையில் நூலி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஓடி வந்த கட்டையன் முதலில் வாசலை நன்றாக மோந்து பார்த்தான். பிறகு சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"அப்பாடா! யாராவது மறுபடியும் புள்ளி வைத்துத் தொலைத்தீர்களோ என்று பயந்தே போய்விட்டேன்."