ஒரு மார்க் குறைவு

சங்கமித்ராவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "ஏசியைப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"போட்டா மார்க் குறையும் மேடம்," என்றது வீடு. "வெக்கையைத் தாங்கப் பழகணும்னு கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க?"

மண்சுவரும் மூங்கில் கூரையுமாக, ஆராய்ச்சிக்காக அவளே வரைந்து திருச்சியில் கட்டிய வீடு. கட்டடக்கலைக் கல்லூரியில் தான் நடத்தும் பாடங்களையெல்லாம் அதற்குள் ஏற்றிவைத்திருந்தாள். பூமிக்குப் பாரம் குறையக் குறைய வீடு நூற்றுக்கு இத்தனை என்று தனக்குத்தானே மார்க்கைக் கூட்டிப் போட்டு, வாசல் திரையில் காட்டும்.

குளியலறையிலிருந்து அவள் கணவன் மருதவாணன் வந்தான். தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"பாதிக் குளியல்ல தண்ணிய நிறுத்திடுச்சு. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"நாளைக்கு ஸ்டூடன்ட்ஸ் பார்க்க வர்றாங்க. ஒருநாள் பொறுத்துக்கங்களேன்!"

"பொறுத்துப் பொறுத்துத்தான் இந்தக் கதி. நீயே உன் வீட்டைக் கட்டிக்கிட்டு அழு."

துண்டால் தலையைத் துடைத்தபடியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவு சாத்தியதுதான் தாமதம், வீடு உற்சாகமாகக் கூவியது. "தொண்ணூத்தொம்பது, மேடம்!"

மறுநாள் வந்த மாணவர்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் ஒவ்வோர் அறையாகச் சுற்றிக் காட்டினாள்.

"எல்லாமே பிரமாதமா இருக்கே மேடம்," என்றாள் ஒரு மாணவி. "அந்த ஒரு மார்க் ஏன் போச்சு?"

சங்கமித்ரா வாய் திறப்பதற்குள் வீடு முந்திக்கொண்டது.

"மேடம் இன்னும் இங்கதான் குடியிருக்காங்க."