பனிமலைக்குக் கிடைத்த கைதட்டு

கடலோரத்தில் ஒரு பனிமலை இருந்தது. அதைப் பார்க்கத் தினமும் படகில் ஆட்கள் வருவார்கள். பனிமலை தன் உடம்பிலிருந்து ஒரு பாளத்தை உடைத்துக் கடலில் போடும். அவர்கள் 'ஓ'வென்று கத்திக் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டு இல்லாமல் அதற்கு ஒருநாள்கூடப் பொழுது போகாது.

அன்றைக்கு வீடு அகலத்துக்கு ஒரு பாளம் விரிசல் விட்டுத் தயாராக நின்றது. படகும் வந்துவிட்டது.

"அண்ணே, பொறுங்க!" என்று தண்ணீரிலிருந்து ஒரு கடல்நாய் கத்தியது. "உங்களுக்கு நேர் கீழே, மிதக்கிற பனித்தட்டுல என் குட்டி தூங்குது. அதுக்கு இன்னும் நீந்தத் தெரியாது."

"கூட்டம் வந்து நிக்குதே, தங்கச்சி!"

"நான் தள்ளிட்டுப் போற வரைக்கும்தாண்ணே."

பனிமலை பல்லைக் கடித்துக்கொண்டு பாளத்தைப் பிடித்து நிறுத்தியது. கடல்நாய் பனித்தட்டை மூக்கால் அங்குலம் அங்குலமாகத் தள்ளியது. படகில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த கைகள் வலியெடுத்து ஒவ்வொன்றாக இறங்கின.

"ஒண்ணுமே நடக்கலையே! இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் ஒருவர். படகு திரும்பியது.

பனிமலைக்கு முகம் தொங்கிப்போனது. அப்போது தூரத்தில் 'சப் சப்' என்று சத்தம் கேட்டது. கடல்நாய் பனித்தட்டில் ஏறி உட்கார்ந்து, முன்துடுப்புகள் இரண்டையும் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தது. தூக்கம் கலைந்த குட்டியும் அம்மாவைப் பார்த்துத் தட்டியது.

"இன்னும் பலமாத் தட்டு தங்கச்சி!" என்றது பனிமலை, நெஞ்சை நிமிர்த்தி. "படகுல போறவங்களுக்கும் கேக்கட்டும்!"