கழுத்துக்குக் கீழே

"சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க சார்."

என் மனைவி இப்படிச் சொன்னது தன் சொந்தத் தம்பியிடம்.

அவன் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்கியபடி சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தான். நான் கைபேசியை அவனுக்கு நேராகப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் முழுநேர நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் நர்சிங் மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். அன்று அதன் செய்முறைத் தேர்வு. ஓர் ஆளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்து, கண்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மதிப்பெண் குறையும்.

முதலில் நோயாளி நான்தான். வயிற்றில் கை வைத்ததும் கூச்சம் தாங்காமல் நெளிந்து, எடுத்ததையெல்லாம் கெடுத்துவிட்டேன். அதனால் மச்சானுக்கு அழைப்பு போனது. நான் கேமராமேன் ஆனேன்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு அவள் கண்ணில் இருந்தது. கையில் இல்லை.

டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தாள். காதுக்குள் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். ஒவ்வொன்றையும் பார்த்த கையோடு கணீரென்று சொன்னாள்.

மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள் இவள். பஸ்ஸிலும் அடுப்படியிலும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டபோதெல்லாம், பாவம், ஏதோ படிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த விரல்களுக்கு இவ்வளவு தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இரு கை விரல்களையும் தொண்டையில் வைத்தாள்.

"ஒரு மடக்குத் தண்ணி குடிங்க சார்."

குடித்தான்.

"இன்னொரு மடக்கு."

அதையும் குடித்தான். மறுபடியும் குடிக்கச் சொன்னாள்.

"தண்ணிக்குத் தனியா பில் போடுவீங்களா மேடம்?"

அவள் சிரிக்கவில்லை. கழுத்தில் கண்டதைச் சொல்லவும் இல்லை. மறந்துவிட்டாள், மதிப்பெண் போச்சு என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் கை மெதுவாகிவிட்டது. தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், தோள் எலும்புக்கு மேலே, அக்குளில் என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தாள். மூச்சை இழுக்கச் சொல்லி முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். கேட்ட இடத்திலேயே மறுபடியும் வைத்துக் கேட்டாள்.

நேரம் ஆகிறது என்று கைபேசிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

வயிறு, முழங்கால், பாதம். குரலில் ஒரு பிசிறு இல்லை. கால் கட்டைவிரலை விட்டபோது அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது.

"முடிஞ்சுது சார். நன்றி."

வீடியோவை நிறுத்தினேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் பித்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்: "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துருடா. கழுத்துல சின்னதா ஒரு கட்டி இருக்கு. ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம். அக்கா கூடவே இருப்பேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கைபேசியைப் பார்த்தேன்.

இன்றைக்கு அவன் நன்றாக இருக்கிறான். கட்டியை எடுத்தாயிற்று, வாய் மட்டும் குறையவில்லை. ஆனால் அன்று அவன் கிளம்பிப் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சமையலறைக்குப் போனேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"தட்டுப்பட்டதும் நிறுத்தியிருக்கலாம்ல? கூடப் பொறந்தவன். அவனை உக்கார வெச்சுக் கால் விரல் வரைக்கும் பரீட்சையா எழுதணும்?"

அவள் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவிய விரல்களையே மறுபடியும் கழுவினாள்.

"பரீட்சை கழுத்தோட முடிஞ்சுபோச்சுங்க. அதுக்குக் கீழ, வேற எங்கயாவது பரவியிருக்கான்னு தேடிட்டிருந்தேன்."

குழாயை மூடினாள்.

"கைக்கு எட்டின வரைக்கும், எங்கயும் தட்டுப்படல."