தோட்டத்துச் சிரட்டை விளக்கு

"ஆவுடை, விளக்கை அணைக்கியா, நான் வந்து அணைக்கட்டா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த முத்துராமலிங்கத்தின் குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம்.

பயப்படாமல் என்ன செய்வார்? சப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மெட்ராஸ்காரர்கள் குற்றாலத்துக்கு வந்து குடியேறியிருந்தார்கள். அவர்கள் சொன்ன கதையெல்லாம் மேலகரம் வரைக்கும் வந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிற இடத்தில்தான் குண்டு விழுமாம். வீட்டிலோ மகள் சந்தனமாரி தலைப்பிரசவத்துக்கு வந்து நிறைமாதமாக இருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய்க்கு விளக்கு அலங்காரம் கேட்கிறது. தேங்காய்ச் சிரட்டையில் புன்னை எண்ணெய், திரி. சாரலுக்கு அணையாமலிருக்க, ஓட்டை போட்ட இன்னொரு சிரட்டை மூடி. வாய்க்கால் பாலத்தில் ஆரம்பித்து, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று செடிக்குச் செடி தொங்கவிட்டு, அவர் வீட்டு வேலி வரைக்கும் வரிசை.

"செடிக்கு அழகா இருக்குல்லா, அண்ணாச்சி."

"ஊரே அடுப்பு வெளிச்சத்தைக்கூட மறைச்சிக்கிட்டுக் கெடக்கு. புருசன் இல்லாத வீட்டுல யாருக்குட்டீ இந்த மினுக்கு?"

அவள் முகம் சுண்டிப்போனது.

அவர் படலைத் தள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். ஆவுடைத்தாய் பின்னாலேயே ஓடினாள்.

"பாலத்து விளக்கையாவது விடுங்க அண்ணாச்சி. கையெடுத்துக் கும்பிடுதேன்."

"காரணத்தைச் சொல்லு, விடுதேன்."

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நல்லாருக்கு கதை."

அந்த விளக்கும் போயிற்று. ஒற்றைத் தென்னந்தடிப் பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. கீழே வாய்க்கால் புதுத்தண்ணீரில் புரண்டு ஓடியது.

அப்போதுதான் அவர் மனைவி சங்கரம்மாள் வேலியோரம் ஓடிவந்தாள்.

"இங்க பாருங்க, பிள்ளைக்கு வலி எடுத்துட்டு. அவ தம்பி செல்லப்பாவை அனுப்பி மருத்துவச்சிக்குச் சொல்லியாச்சு. அவன் அப்படியே மாப்பிள்ளையைக் கூப்பிட ஆய்க்குடிக்குப் போயிட்டான்."

முத்துராமலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருத்துவச்சி பேராச்சியின் குடிசை வாய்க்காலுக்கு அக்கரையில்தான். இன்னும் ஏன் காணவில்லை?

ஆவுடைத்தாய் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினாள். குச்சி நமத்துப் போயிருந்தது.

அக்கரையில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி ஆவுடை, விளக்கை எங்கட்டீ காணோம்?"

"வாங்க பேராச்சி, தெரிஞ்ச பாலந்தானே" என்று முத்துராமலிங்கம் பதறினார்.

"யாரு, அண்ணாச்சியா? இனி மறைச்சு என்ன செய்ய. எனக்கு மாலைக்கண்ணு. வெளிச்சம் இல்லேன்னா ஒரு எட்டு வைக்க முடியாது. வெளியே தெரிஞ்சா எவளும் பிரசவத்துக்குக் கூப்பிடமாட்டான்னு ஆவுடைகிட்ட மட்டுந்தான் சொன்னேன். உங்க மவளுக்கு எந்த ராத்திரி வலி வந்தாலும் நான் வந்து சேரணும்னுதான் தினமும் விளக்கு வைக்கா. கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க, அண்ணாச்சி."